திபெத்தின் மார்ச் 28: பண்ணையடிமைகள் விடுதலை நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் வந்தாலே திபெத்தைப் பற்றி ஒன்றோடு ஒன்று ஒட்டாத இரண்டு செய்திகள் வரும். ஒன்றில் திபெத்தின் தலைநகரான லாசாவில் கொடியேற்றி, பாட்டுப் பாடி, விடுதலை நாள் கொண்டாடுகிறார்கள். இன்னொன்றில் தலாய் லாமா குடியேறிய தர்மசாலாவிலும் டெல்லியிலும் திபெத்தியர்கள் எதிர்ப்பு ஊர்வலம் போகிறார்கள். இரண்டையும் படித்துக் குழம்பியவர்களுக்காக இந்தப் பக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய திபெத்தில் மனிதரை நிலத்தோடும் எசமானோடும் பிறப்பால் கட்டிப்போட்ட ஒரு முறை இருந்தது, அது ஒழிந்தது நல்லது. அதே சமயம் மார்ச் 28 என்ற இந்த நாள், அந்த மக்களின் நினைவிலிருந்து எழுந்த நாள் கிடையாது. இவை இரண்டும் உண்மை. ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

இது என்ன நாள்? எப்போதிலிருந்து இருக்கிறது?

சீனாவின் திபெத் தன்னாட்சிப் பகுதியில் ஆண்டுதோறும் மார்ச் 28 அன்று கடைப்பிடிக்கப்படும் அரசு நாள். முழுப்பெயர் 'திபெத்தின் பத்து லட்சம் பண்ணையடிமைகள் விடுதலை நினைவு நாள்'. நாளின் பின்னணி 1959-இல் இருந்தாலும் நாள் என்னவோ புதிது. 2009 ஜனவரி 19 அன்று லாசாவில் கூடிய தன்னாட்சிப் பகுதியின் மக்கள் பேரவை இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. வாக்களித்த 382 பேரும் ஆதரித்தார்கள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. முதல் கொண்டாட்டம் அதே ஆண்டு மார்ச் 28 அன்று நடந்தது. அதாவது சம்பவம் நடந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு ஒரு நாள் கிடைத்தது.

1959 மார்ச் 28 அன்று அப்படி என்ன நடந்தது?

பெய்ஜிங்கில் ஓர் ஆணை கையெழுத்தானது. பிரதமர் சௌ என்லாய் வெளியிட்ட அந்த ஆணை, காஷாக் என்று அழைக்கப்பட்ட திபெத்தின் உள்ளூர் அரசாங்கத்தைக் கலைத்தது. அதன் அதிகாரங்கள் தன்னாட்சிப் பகுதியை அமைப்பதற்கான ஆயத்தக் குழுவிடம் போயின. அந்தக் குழுவுக்குத் தலைவர் பதினான்காவது தலாய் லாமா. அவர் இல்லாததால், திபெத்திய பௌத்தத்தின் இன்னொரு பெரிய குருவான பத்தாவது பஞ்சென் லாமா தற்காலிகத் தலைவர் ஆக்கப்பட்டார்.

இந்த ஆணைக்கு முந்தைய பதினெட்டு நாட்களைத் தெரிந்துகொள்ளாமல் அது புரியாது. மார்ச் 10 அன்று, சீன ராணுவத் தலைமையகத்தில் நடக்கவிருந்த ஒரு கலை நிகழ்ச்சிக்கு தலாய் லாமா போவதாக இருந்தது. வழக்கமான மெய்க்காவலர் இல்லாமல் வரச் சொல்கிறார்கள், அவரைக் கடத்தப்போகிறார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சுப் பரவி, ஆயிரக்கணக்கான மக்கள் அவருடைய கோடைக்கால அரண்மனையான நார்புலிங்காவைச் சூழ்ந்துகொண்டு வழியை மறித்தார்கள். மார்ச் 17 இரவு, சாதாரணச் சிப்பாயின் உடையில் தலாய் லாமா அங்கிருந்து வெளியேறினார். அவர் போனது தெரியாமலேயே கூட்டம் அங்கே இருந்தது. மார்ச் 20 விடியலுக்கு முன் பீரங்கித் தாக்குதல் தொடங்கியது, மூன்றே நாளில் லாசா முழுக்கச் சீன ராணுவத்தின் கைக்கு வந்துவிட்டது. 26 அன்று வழியில் லுன்ட்சே கோட்டையில் தங்கிய தலாய் லாமா, அங்கேயே ஒரு தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து சௌ என்லாயின் ஆணை. மார்ச் 31 அன்று தவாங் பக்கமாக அவர் இந்திய எல்லைக்குள் கால் வைத்தார்.

அப்படியானால் அந்த ஆணைதான் பண்ணையடிமைகளை விடுவித்ததா?

நேரடியாக இல்லை. அது ஓர் அரசாங்கத்தைக் கலைத்த ஆணை. பண்ணை முறையைப் பிரித்தெடுத்த வேலை, 'ஜனநாயகச் சீர்திருத்தம்' என்ற பெயரில் அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நடந்தது: முதலில் கிளர்ச்சி, கட்டாய உழைப்பு, அடிமைத்தனம் ஆகிய மூன்றுக்கும் எதிரான இயக்கம், கூடவே நிலக் குத்தகைக் குறைப்பு, வட்டிக் குறைப்பு, அப்புறம் நிலப் பங்கீடு. கிளர்ச்சியில் சேர்ந்த பண்ணையார்களின் நிலம் பறிமுதல் செய்யப்பட்டது, சேராதவர்களின் நிலத்துக்கு விலை கொடுப்பதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். ஆகவே விடுதலைக்கு ஒரு தேதி வேண்டும் என்றால் நிலப்பட்டா கைக்கு வந்த நாளை, கடன் பத்திரங்களைப் போட்டுக் கொளுத்திய நாளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டது அரசாங்கம் கலைக்கப்பட்ட நாள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பழைய திபெத்தில் உண்மையிலேயே பண்ணையடிமைகள் இருந்தார்களா, இல்லை இது வெறும் பிரச்சாரமா?

இருந்தார்கள். இந்தக் கேள்வியில் மழுப்புவது அந்த மக்களுக்குச் செய்யும் துரோகம்.

விளைநிலம் மூன்று தரப்புக்குச் சொந்தமாக இருந்தது: அரசாங்கம், பிரபுக் குடும்பங்கள், மடங்கள். நிலத்தில் பாடுபட்டவர்களுக்குப் பொதுப்பெயர் மிசெர். ஒரு மிசெர் தன் பெற்றோர் எந்த எசமானுக்குக் கட்டுப்பட்டவர்களோ அந்த எசமானுக்கே கட்டுப்பட்டவராகப் பிறந்தார். பெரும்பாலும் மகன் தந்தையின் எசமானுக்கும் மகள் தாயின் எசமானுக்கும். நினைத்தபோது விட்டுப் போக முடியாது. வேறு பண்ணையில் கல்யாணம் செய்துகொண்டு போவதற்கும் எசமானின் அனுமதி வேண்டும், பல சமயம் பதிலுக்கு ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். மடத்தில் துறவியாகச் சேர்வதற்கும் கேட்க வேண்டும்.

ஆனால் மிசெர் என்றால் எல்லோரும் ஒரே நிலைமையில் இருந்தார்கள் என்று நினைத்தால் பாதிதான் சரி. மேல் அடுக்கில் த்ரெபா. இவர்கள் வரிகட்டும் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தின் பேரில் நிலம் இருக்கும், ஆவணமும் இருக்கும், முறையாக வரி கட்டும்வரை எசமான் அதைப் பிடுங்க முடியாது. சில த்ரெபா குடும்பங்கள் வசதியானவை, தாங்களே வேலையாட்களை வைத்துக்கொண்டவை. நிலம் துண்டாகாமல் இருக்க அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இவர்களிடம்தான் அதிகம். அடுத்த அடுக்கு துச்சுங், சிறு வீட்டுக்காரர்கள். இவர்களுக்குச் சின்னத் துண்டு நிலம், அதிலும் வாரிசு உரிமை கிடையாது, பதிலுக்குப் பண்ணையின் சொந்த நிலத்தில் கூலியில்லா உழைப்பு. துச்சுங்கிலேயே சிலர் எசமானுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய்ப் பிழைத்தார்கள். கட்டு அறுவதில்லை, கயிறு மட்டும் நீளம். எல்லாவற்றுக்கும் அடியில் நாங்சென், வீட்டு வேலைக்காரர்கள். நிலமும் இல்லை, நேரமும் தங்களுடையது இல்லை.

கியாங்ட்சே அருகே ஃபாலா குடும்பத்தின் பண்ணை மாளிகை இன்றும் நிற்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். பிரபுவின் வீட்டில் பூசை அறை, சூதாட்ட அறை, வெளிநாட்டு மதுப் புட்டிகள், கைக்கடிகாரங்கள். எதிரில் நாங்சென்களின் முற்றம்: நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் மண் அறைகள், அடுப்பும் படுக்கையும் ஒரே இடத்தில். அதைச் சீன அரசுதான் பாதுகாத்து வைத்திருக்கிறது, தன் நோக்கத்துக்காகத்தான் வைத்திருக்கிறது, சரி. அதற்காக அந்த அறைகளில் ஆள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தலாய் லாமா நார்புலிங்காவிலிருந்து தப்பிக்க ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர், அவருடைய அரண்மனைப் பெரிய அதிகாரி, இதே ஃபாலா குடும்பத்தைச் சேர்ந்தவர். திபெத்தின் தன்மானத்துக்காக நின்றவர்களும் பண்ணையடிமைகளை வைத்திருந்தவர்களும் பல சமயம் ஒரே ஆட்கள்.

உலாக் என்று படிக்கிறேனே, அது என்ன?

கட்டாய உழைப்பு. அதிலும் போக்குவரத்து உலாக்தான் மக்களை வாட்டியது. பாதைகளில் ஏறத்தாழ அரை நாள் நடைக்கு ஒரு நிலையம் என்று வைத்திருப்பார்கள். அரசாங்கத்தின் பயணச் சீட்டோடு ஓர் அதிகாரி வந்து நின்றால், ஏறிப்போக இத்தனை குதிரை, சுமைக்கு இத்தனை எருதோ கழுதையோ என்று அந்தச் சீட்டில் எழுதியிருப்பதை அந்த ஊர் த்ரெபாக்கள் கொடுத்தாக வேண்டும். அடுத்த நிலையம் வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு, வெறுங்கையோடு திரும்பி நடக்க வேண்டும். விதைப்பா அறுப்பா என்ற கணக்கெல்லாம் கிடையாது. சொந்த வியாபாரச் சரக்கை அரசுச் சுமையோடு சேர்த்து அனுப்பிய பிரபுக்களும் உண்டு. பெரிய சாலையோரத்தில் இருந்த ஊர்களுக்குத்தான் இதில் அதிகச் சுமை, அங்கிருந்துதான் குடும்பம் குடும்பமாக ஓடிப்போவதும் நடந்தது.

மக்களில் 95 சதவீதம் பண்ணையடிமைகள் என்கிறார்களே?

இது பெய்ஜிங் சொல்லும் கணக்கு: சுமார் 12 லட்சம் மக்களில் 95 சதவீதம் அடிமைகள், 5 சதவீதம் உடைமையாளர்கள். நில உடைமையில் அரசாங்கத்துக்கு 38.9, மடங்களுக்கு 36.8, பிரபுக்களுக்கு 24 சதவீதம் என்றும் அதே தரப்பு சொல்கிறது. இந்த 95-க்குள் சொந்த வேலையாட்களை வைத்திருந்த த்ரெபாவும் இருக்கிறார், மண் அறையில் படுத்த நாங்சென்னும் இருக்கிறார். எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கினால்தான் அந்த எண் வரும்.

ஆய்வாளர்களும் இதில் பல காலமாக முட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் மெல்வின் கோல்ட்ஸ்டீன், பிறப்பால் எசமானோடு கட்டப்பட்டு, சட்டப்படி விலக உரிமையில்லாத நிலை இருந்ததால் பண்ணையடிமை முறை என்று சொல்வது சரியே என்கிறார். அதற்காக எல்லோரும் பட்டினியில் கிடந்தார்கள் என்று பொருளில்லை என்பதும் அவரே சொல்வது. இந்தச் சொல்லே திபெத்துக்குப் பொருந்தாது, ஐரோப்பாவிலிருந்து எடுத்து ஒட்டியது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு கோல்ட்ஸ்டீன் பக்கமே நியாயம் அதிகம் தெரிகிறது. ஓடிப்போனால்தான் விடுபட முடியும் என்ற நிலையை வேறு எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்த மனிதருக்கு ஒன்றுதான்.

கண்ணைப் பிடுங்கினார்கள், கையை வெட்டினார்கள் என்பதெல்லாம்?

உறுப்பு வெட்டும் தண்டனை இருந்தது. பதின்மூன்றாவது தலாய் லாமா 1913-இல் வெளியிட்ட அறிவிப்பில் அதைத் தடை செய்தார். இல்லாத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள். தடைக்குப் பிறகும் முற்றாக நிற்கவில்லை. நன்கு அறியப்பட்ட வழக்கு 1934-இல் நடந்தது. அந்த தலாய் லாமா இறந்த சில மாதங்களில், ஆட்சியமைப்பை மாற்ற முயன்ற லுங்ஷார் என்ற உயரதிகாரியின் கண்கள் பறிக்கப்பட்டன. அந்தத் தண்டனை வழக்கொழிந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் நிறைவேற்றியவர்களுக்கே முறை சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அது அன்றாடம் நடந்ததல்ல என்பதற்கும் இதுவே சாட்சி, சீர்திருத்தம் பேசிய பிரபுவுக்கே அந்த கதி என்பதற்கும் இதுவே சாட்சி. குடியானவர் அன்றாடம் பார்த்தது சவுக்கடி. பண்ணை நிர்வாகியே தீர்ப்புச் சொல்லி, பண்ணை நிர்வாகியே அடிக்க வைக்கலாம்.

பதினான்காவது தலாய் லாமா இதையெல்லாம் மாற்ற முயலவில்லையா?

முயன்றார், குறைவாகவே நடந்தது. 1950 நவம்பரில் பதினைந்து வயதில் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது, சீன ராணுவம் அதற்கு முந்தைய மாதமே கிழக்குத் திபெத்தின் சாம்டோ நகரைப் பிடித்திருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அவர் ஒரு சீர்திருத்தக் குழுவை அமைத்தார். தலைமுறைக் கடனும், தாத்தா வாங்கிய தானியத்துக்குப் பேரன் வட்டி கட்டும் கொடுமையும், உலாக் சுமையும்தான் அதன் முதல் குறிகள். பெரிய நில உடைமையில் கை வைக்கப் போனபோது பிரபுக்களும் மடங்களும் இழுத்தடித்தார்கள். பழைய சமூகத்தில் பெரிய குறைகள் இருந்தன என்பதை அவர் மறைத்ததில்லை, வெளிப்படையாகவே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பழைய அமைப்பைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அவருடைய நோக்கம் என்ற பெய்ஜிங்கின் குற்றச்சாட்டுக்கு, புலம்பெயர்ந்த திபெத்தியர்கள் 1960-இலிருந்து தேர்தல் நடத்திவருவதும், 2011-இல் அவர் அரசியல் அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் கொடுத்துவிட்டு விலகியதும் பதில்.

சீனா 1951-லேயே வந்துவிட்டது. அடிமைகளை விடுவிக்க எட்டு வருடம் ஏன்?

இந்த நாளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவே முதன்மையானது. ஆனால் கேட்பவர் குறைவு.

சீன அரசுக்கும் திபெத்தின் உள்ளூர் அரசாங்கத்துக்கும் இடையே 1951 மே 23 அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தான பதினேழு அம்ச ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். திபெத்தின் இருக்கும் அரசியல் அமைப்பை மத்திய அரசு மாற்றாது என்கிறது நான்காவது அம்சம். சீர்திருத்த விஷயத்தில் மத்திய அரசு கட்டாயப்படுத்தாது, உள்ளூர் அரசாங்கமே தானாக முன்வந்து செய்ய வேண்டும் என்கிறது பதினொன்றாவது அம்சம். பண்ணையடிமைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய ஆட்சியையும் அதன் மேலடுக்கையும் அப்படியே வைத்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் சீன ராணுவம் லாசாவுக்குள் வந்தது. பிரபுக்களுக்குப் பதவியும் சம்பளமும் கொடுத்தார்கள். 1957 தொடக்கத்தில் மாவோ இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் முடியும்வரை, அதாவது 1962 வரை, திபெத்தில் சீர்திருத்தம் வேண்டாம் என்று ஒத்திப்போட்டார்.

ஒத்திப்போட்டதற்குக் காரணம் கிழக்கே கிடைத்த சூடு. காம், அம்தோ ஆகிய கிழக்குத் திபெத்தியப் பகுதிகள் சிச்சுவான், சிங்ஹாய் போன்ற மாகாணங்களில் இருந்ததால் பதினேழு அம்ச வாக்குறுதி அங்கே செல்லாது என்று சொல்லி 1955-56-லேயே நிலச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார்கள். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள், மடத்து நிலத்தில் கை வைத்தார்கள். கிளர்ச்சி வெடித்தது. 1956-இல் லித்தாங் மடத்தின் மீது விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். அங்கிருந்து தப்பி ஓடிவந்த காம்பாக்கள், அதாவது காம் பகுதி மக்கள், லாசாவைச் சுற்றிக் கூடாரம் போட்டார்கள், 1958 ஜூனில் தெற்கே லோகாவில் சூஷி காங்துருக் என்ற கிளர்ச்சிப் படையை அமைத்தார்கள். லாசாவில் 1959-இல் வெடித்ததற்கு விறகு கிழக்கிலிருந்து வந்தது.

ஆக, சீர்திருத்தம் 1959-இல் தொடங்கியதற்குக் காரணம் திடீரென்று அடிமைகள் மேல் வந்த இரக்கம் அல்ல. மேலடுக்கோடு செய்துகொண்ட ஏற்பாடு உடைந்துவிட்டது, அதற்குமேல் அந்த அடுக்கைக் காப்பாற்ற வேண்டிய தேவை பெய்ஜிங்குக்கு இல்லாமல் போயிற்று.

மக்கள் இவ்வளவு ஒடுக்கப்பட்டிருந்தால், மார்ச் 10 அன்று ஆயிரக்கணக்கில் கூடி தலாய் லாமாவைக் காக்க நின்றது ஏன்?

ஒடுக்கப்பட்டவனுக்கு வயிறு மட்டும்தான் உண்டு என்று நினைப்பவர்களுக்கு இது புரியாது. அவனுக்குத் தெய்வம் உண்டு, ஊர் உண்டு, மொழி உண்டு. பண்ணை நிர்வாகியைச் சபித்த அதே வாய், தலாய் லாமாவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டது. அந்தக் கூட்டத்தில் லாசா நகரத்துக் கைவினைஞர்கள், சிறு வியாபாரிகள், துறவிகள், கிழக்கிலிருந்து வந்த அகதிகள் என்று எல்லோரும் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, மார்ச் 12 அன்று, பெண்கள் தனியாகவே போட்டாலா அரண்மனைக்குக் கீழே திரண்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்த ஆண்டு கோடையில் கடன் பத்திரங்கள் எரிந்தபோது மகிழ்ந்த குடும்பங்கள் இருந்தன. முதன்முறையாகச் சொந்தப் பெயரில் நிலம் கிடைத்தபோது அழுதவர்கள் இருந்தார்கள். ஒரே ஊரில் ஒருவர் எல்லை தாண்டி ஓட, பக்கத்து வீட்டுக்காரர் ஊர்க் குடியானவர் சங்கத்தில் பொறுப்பேற்றார். தலாய் லாமாவைத் தொடர்ந்து நாட்டைவிட்டுப் போனவர்கள் சுமார் 80,000 பேர், அவர்களில் பிரபுக்கள் ஒரு சிறு பகுதிதான்.

விடுவிக்கப்பட்டவர்களுக்கு நிலம் கிடைத்ததா?

கிடைத்தது. ஏறக்குறைய எட்டு லட்சம் பேருக்குப் பங்கிட்டதாகச் சீன அரசின் கணக்கு. தலைக்கு மூன்றரை மூ வரும். ஒரு மூ என்பது நம் கணக்கில் ஓர் ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு, ஆக ஆளுக்கு அரை ஏக்கருக்குச் சற்று மேல்.

கையில் எவ்வளவு காலம் இருந்தது என்பதுதான் வேதனை. 1960-களின் நடுவிலிருந்து கம்யூன்கள் என்ற கூட்டுப் பண்ணைகள் வந்தன, அடுத்த பத்தாண்டில் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் நிலமும் மந்தையும் பொதுவில் போய்ச் சேர்ந்தன. என்ன விதைப்பது, எவ்வளவு வைத்துக்கொள்வது, எங்கே போவது என்று மேலே இருப்பவர் சொல்ல, கூலிக்குப் பதில் வேலைக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கில் உழைக்க வேண்டியதாயிற்று. 1980 மே மாதம் லாசாவுக்கு வந்த கட்சித் தலைவர் ஹு யாவ்பாங், மக்களின் வறுமையைப் பார்த்து அதிர்ந்து, அங்கிருந்த அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்தார். வரிச்சலுகை வந்தது, நிலம் மறுபடி குடும்பங்களின் பொறுப்புக்குத் திரும்பியது. ஆண்டுதோறும் மார்ச் 28 உரைகள் இந்த இடைப்பட்ட காலத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. உழுதவன் நிலத்தைப் பெற்றான் என்பதோடு, பெற்ற நிலத்தை இழந்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை.

இதற்கு இன்னொரு சாட்சி, அந்த மார்ச் 28 ஆணையால் தலைமைக்கு வந்த பஞ்சென் லாமாவே. 1962-இல் அவர் சௌ என்லாயிடம் கொடுத்த நீண்ட மனுவில், பண்ணையடிமை முறை ஒழிந்ததை வரவேற்றுவிட்டு, அதன் பெயரால் நடந்ததை ஒவ்வொன்றாக எழுதினார்: பட்டினி, குற்றமற்றவர்கள் சிறையில், 2,500-க்கு மேல் இருந்த மடங்களில் எழுபது மட்டும் மிச்சம், 1,10,000 துறவியரில் சுமார் 7,000 பேர் மிச்சம். 1964-இல் பதவியைப் பறித்தார்கள், பிறகு பல ஆண்டுகள் சிறையும் வீட்டுக்காவலும். மார்ச் 28-ஐக் கொண்டாடுபவர்கள் படிக்கவேண்டிய ஆவணம் ஒன்றுதான் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஐம்பது ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு 2009-இல் ஏன்?

2008 மார்ச் 10 அன்று லாசாவில் துறவிகளின் ஊர்வலத்தோடு தொடங்கிய போராட்டம், 14-ஆம் தேதி தீவைப்பும் உயிர்ச்சேதமுமாக மாறி, அப்புறம் திபெத்திய மேட்டுநிலம் முழுக்கப் பரவியது. அது பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்த ஆண்டு, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 10 வந்தால் 1959 எழுச்சிக்கு ஐம்பதாவது நிறைவு. அந்த நாளைப் பற்றிய பேச்சுக்கு ஒரு எதிர்ப்பேச்சு தேவைப்பட்டது. ஜனவரியில் தீர்மானம், மார்ச் 2 அன்று ஜனநாயகச் சீர்திருத்தத்தின் ஐம்பது ஆண்டுகள் பற்றி வெள்ளை அறிக்கை, மார்ச் 28 அன்று விழா. இடையில் பிப்ரவரி இறுதியில் வந்த திபெத்தியப் புத்தாண்டான லோசரை, 2008-இல் இறந்தவர்களுக்காகக் கொண்டாடாமல் விட்டார்கள் பல திபெத்தியர்கள். புத்தாண்டுக்கு அமைதியாக இருந்தவர்களை அடுத்த மாதமே விழாவுக்கு அழைத்தார்கள்.

எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்?

முதல் ஆண்டு போட்டாலா அரண்மனைக்கு எதிரில் உள்ள சதுக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோரைக் கூட்டி, தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். வரிசை வரிசையாக, மாவட்ட வாரியாக, மரபுடையில் மக்கள். முன்னாள் பண்ணையடிமை ஒருவர் பேசினார், மாணவர் பேசினார், ராணுவத்தினர் பேசினார். அதன்பிறகு ஆண்டுதோறும் கொடியேற்றம், தேசிய கீதம், ஊர்களில் கூட்டம், முதியவர்களை அழைத்து அக்காலத் துன்பத்தைச் சொல்லவைத்தல், தொலைக்காட்சியில் தலைவர்களின் உரை. சீனா முழுமைக்குமான தேசிய விடுமுறை அல்ல.

அந்த முதியவர்கள் சொல்வதை நம்பலாமா?

அவர்கள் சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை. குதிரையேற எசமானுக்கு முதுகைக் கொடுத்தேன் என்று ஒரு கிழவர் சொன்னால், அதை நிராகரிக்க இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு எந்த உரிமையும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: 1958 வரை பட்டதைச் சொல்ல அவருக்கு மேடை கிடைக்கிறது, 1960-க்குப் பிறகு பட்டதைச் சொல்ல முடிவதில்லை. பாதி வாழ்க்கைக்கு மட்டும் ஒலிபெருக்கி. புலம்பெயர்ந்தவர்கள் பக்கத்திலும் நீண்டகாலம் எழுதியவர்கள் பெரும்பாலும் பிரபுக் குடும்பத்தாரும் லாமாக்களும்தான், அவர்கள் வீட்டு நாங்சென் எழுதவில்லை. இரண்டு பக்கத்திலும் அந்த மனிதர் முழுதாகப் பேசக் கேட்டது குறைவு.

எல்லாத் திபெத்தியர்களுக்கும் இது பொருந்துமா?

இல்லை. இது தன்னாட்சிப் பகுதியின் நாள். சீனாவில் இருக்கும் திபெத்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு வெளியே சிங்ஹாய், சிச்சுவான், கான்சு, யுன்னான் மாகாணங்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊர்களில் சீர்திருத்தம் வந்த ஆண்டே வேறு, வந்த விதமும் வேறு.

இந்த விடுதலையை, அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனோடு ஒப்பிடுகிறார்களே?

ஆமாம், 2009 நவம்பரில் சீன வெளியுறவுத் துறைப் பேச்சாளரே, கறுப்பினத்தைச் சேர்ந்த அதிபரான ஒபாமாவுக்கு இது நன்றாகப் புரிய வேண்டும் என்ற பொருளில் பேசினார். ஒப்பீடு ஓரளவுக்குத்தான் போகும். அமெரிக்காவில் விடுதலை நாளான ஜூன் 19-ஐ விடுதலை பெற்றவர்களே தங்கள் தெருக்களில் தலைமுறைகளாகக் கொண்டாடிவந்தார்கள், அரசு வெகுகாலம் கழித்து 2021-இல்தான் அதைத் தேசிய விடுமுறை ஆக்கியது. திபெத்தில் அரசு அறிவித்தது, மக்கள் வந்து நிற்கிறார்கள்.

சீனா வராமல் இருந்திருந்தால் பண்ணை முறை இன்றும் இருந்திருக்குமா?

நடக்காததைச் சத்தியம் செய்து சொல்ல முடியாது, பக்கத்து வீடுகளைப் பார்க்கலாம். பூட்டானில் அதே மதம், ஏறத்தாழ அதே பண்ணை அமைப்பு. மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் 1950-களிலேயே அடிமைமுறையை ஒழித்தார், படையெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. லடாக் நமது நாட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஜம்மு காஷ்மீரின் 1950 நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் 182 கனாலுக்கு மேல், அதாவது சுமார் 22 முக்கால் ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக் கூடாது என்றது. மடத்து நிலங்களுக்கும் அது பாயும் என்றபோது லடாக்கில் எதிர்ப்புக் கிளம்பி, லடாக்கின் பௌத்தத் தலைவர் குஷோக் பகுலா ரின்போச்சே முன்னின்று விலக்கு வாங்கினார். மடங்கள் இடம் கொடுக்காது என்பதையும் இது காட்டுகிறது, பேசித் தீர்க்க வழி இருந்தது என்பதையும் காட்டுகிறது. லாசாவின் பழைய ஆட்சி தானாக மாறியிருக்குமா என்றால், லுங்ஷாருக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. காலம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கும், ஆனால் 1962-இல் பஞ்சென் லாமா எழுதிய பட்டியல் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மார்ச்சில் இத்தனை நாட்களா? எது எது என்று சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

மார்ச் 10 புலம்பெயர்ந்த திபெத்தியர்களின் எழுச்சி நாள், மார்ச் 12 பெண்கள் எழுச்சி நாள், மார்ச் 28 சீன அரசின் விடுதலை நாள். மார்ச்சுக்கு வெளியே செப்டம்பர் 2 புலம்பெயர்ந்த திபெத்தியர்களின் ஜனநாயக நாள், 1960-இல் புலம்பெயர்ந்தவர்களின் முதல் பிரதிநிதிகள் பதவியேற்றதற்காக. லாசாவில் மார்ச் 10-ஐ வெளிப்படையாக நினைவுகூர முடியாது, அந்த வாரங்களில் காவலும் கூடுதல், வெளிநாட்டுப் பயணிகளுக்கு அனுமதியும் வழக்கமாக நிறுத்தப்படும். திபெத்துக்குச் சுற்றுலா போகத் திட்டமிடுபவர்கள் ஏப்ரலுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.